முக்காடு யார் கையில்?

கேள்வி: ஈரானில் பெண்கள் முக்காட்டை எரித்தபோது அவர்கள் பக்கம் நின்று எழுதினீர்கள். விரும்பி அபாயா போடும் எங்களுக்கு அது நோகாதா?
- வாசகி, தெமட்டகொடை

பதில்: நோக வேண்டியதில்லை சகோதரி, அவர்கள் எதிர்த்தது துணியை இல்லை, கட்டாயத்தை. 1936இல் ஈரான் மன்னர் ரெசா ஷா முக்காட்டைத் தடை செய்தார், பொலிஸ்காரர்கள் தெருவிலேயே பெண்களின் தலையிலிருந்து அதைப் பிடுங்கினார்கள். மன்னராட்சியைக் கவிழ்த்த 1979 இஸ்லாமியப் புரட்சிக்குப் பிறகு எல்லாம் தலைகீழ். போடாதவளுக்கு 74 கசையடி என்று 1983இல் சட்டமே வந்துவிட்டது. ஆனால் பெண்கள் சும்மா இருக்கவில்லை, 1979 மார்ச் 8ஆம் திகதியே ஆயிரக்கணக்கில் டெஹ்ரான் தெருவில் இறங்கினார்கள். 2022 செப்டெம்பரில், ஒழுக்கக் காவல் பொலிஸ் பிடித்துப் போன 22 வயது மஹ்சா அமினி இறந்தபோது, முக்காடு போட்ட பெண்களும்தான் ஊர்வலத்தில் நடந்தார்கள்.

சரி, நம்ம இலங்கைக்கு வருவோம். ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு 2019 ஏப்ரல் கடைசியில் அவசரகாலச் சட்டத்தின் கீழ் இங்கே தடை செய்யப்பட்டது முகத்தை மூடுவது மட்டும்தான். அப்படியிருக்க, மருதானையில் ஒரு கடை வாசலில், முகம் முழுக்கத் தெரியத் தலையை மட்டும் மூடியிருந்த ஒரு உம்மாவிடம் அதையும் கழற்றச் சொன்னதை என் கண்ணால் பார்த்தேன். தாடைக்குக் கீழே குத்தியிருந்த ஊசியை எடுக்க அவருடைய விரல்கள் நடுங்கின. அவருக்காகவும் அதே கோபத்தோடுதான் எழுதுகிறேன்.