மெல்லிய தூணின் தலையில் திடீரென அடி விழுந்தால் எப்படி வளையும்?

எண்ணூர் துறைமுகத்தில் கிரேன் பாரம் நழுவி, நிற்கும் மெல்லிய எஃகுக் குழாயின் தலையில் விழுந்தால் மெல்லிய தூண் எவ்வளவு பாரத்தில் பக்கவாட்டில் வளையும் என்று சொல்லும், கணிதவியலாளர் ஆய்லரின் சூத்திரம் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. ஆய்லர் 1744-இல் சொன்னது மெதுவாக ஏறும் பாரத்துக்கு: நீளம் இரட்டித்தால் தாங்கும் பாரம் கால்பங்கு.

அடி வேறு விஷயம். எஃகில் அழுத்த அலை நொடிக்குச் சுமார் 5000 மீட்டர் ஓடும், 3 மீட்டர் குழாயின் கீழ்முனையை ஒரு மில்லிநொடிக்குள் தொட்டுவிடும், ஆனால் பக்கவாட்டில் விலகக் குழாயின் சொந்த நிறையே விடாது, அதற்கு நேரம் வேண்டும். அதனால் ஆய்லர் வரம்பைவிடப் பல மடங்கு விசையைக்கூடச் சிறிது நேரம் நேராக நின்றே தாங்கிவிடலாம்! அப்புறமும் விசை நீடித்தால், ஒரே வில்லாக இல்லாமல் பல அலைகளாக நெளியும். விசை கூடக்கூட, வேகமாக வளரும் நெளிவின் நீளம் குறையும். முதலிலேயே குழாயில் இருந்த சின்னக் கோணல்தான் அதற்கு விதை.

ஆகவே உச்ச விசையை மட்டும் கணக்கிடாதீர்கள், அது எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதையும் சேருங்கள்.