அறிவியல் புனைகதை ஆய்வாளர் என்றால் யார்? ஜேம்ஸ் கன்னை ஏன் அப்படிச் சொல்கிறார்கள்?

அறிவியல் புனைகதைகளைப் படித்து ரசிப்பதோடு நிற்காமல், அவை எங்கிருந்து கிளைத்தன, எப்படி மாறின என்று ஆராய்பவரே அத்துறையின் ஆய்வாளர். அமெரிக்கரான ஜேம்ஸ் கன் (1923–2020) கதைகளும் எழுதினார், ஆய்வும் செய்தார்.

அவர் எழுத வந்த காலத்தில் இக்கதைகள் பெரும்பாலும் மலிவு இதழ்களில்தான் வந்தன, பல்கலைக்கழகங்கள் சீண்டவில்லை. கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் தன் முதுகலை ஆய்வையே இதில் செய்தார் கன். அதன் ஒரு பகுதி அப்படியொரு மலிவு இதழிலேயே அச்சானது! பிறகு அங்கேயே பேராசிரியராகி, 1982இல் இதற்கென்றே ஓர் ஆய்வு மையம் தொடங்கினார். புகழ்பெற்ற அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஐசக் ஆசிமோவ் பற்றி அவர் எழுதிய நூலுக்கு, இத்துறையின் பெரிய விருதான ஹியூகோ 1983இல் கிடைத்தது.

அவர் ஆய்வு எடுபட்டதற்குக் காரணம், கதை கட்டும் சிரமம் அவருக்குத் தெரியும். ஆடி ஓய்ந்த வீரர் வர்ணனைக்கு உட்கார்ந்தால் வருமே ஒரு நுணுக்கம், அதுதான். 1972இல் வந்த 'தி லிசனர்ஸ்' நாவலில், வேற்றுலகச் செய்திக்காக ரேடியோ தொலைநோக்கியோடு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள். கடைசியில் வந்து சேரும் சிக்னலில் கேட்பதோ நம்முடைய பழைய வானொலி நிகழ்ச்சிகள்! வெறும் காத்திருப்பை வைத்தே கதையை நகர்த்தியிருக்கிறார். எனக்குப் பிடித்தது இதுதான்.

சூப்பர்ஹீரோ படங்கள் இயக்கும் ஜேம்ஸ் கன் என்று பலர் இவரை நினைத்துவிடுகிறார்கள். அவர் வேறு, இவர் வேறு.