அலுவலகத்தில் வரும் மெயில்கள் எனக்கு மட்டும் ஏன் புரிவதில்லை? ஆங்கிலம் போதாததுதான் காரணமா?

இல்லை. உங்கள் ஆங்கிலத்தைக் குறை சொல்லாதீர்கள். வேலையில் சேர்ந்து மூன்று நான்கு மாதம் ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன். பக்கத்து சீட்டில் இருப்பவர் அதே மெயிலை அரை நிமிடத்தில் பார்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருப்பார். மெயிலில் எழுதாமல் விட்டது என்ன என்று அவருக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. அவ்வளவுதான்.

நான் பதினொரு வருடமாகத் திருப்பூரில், பனியன் ஏற்றுமதியில் மெர்ச்சண்டைசர். பையர், அதாவது வாங்கும் வெளிநாட்டு கம்பெனி, கொடுக்கும் ஆர்டரை முடித்து அனுப்பும் வரை கவனிப்பது என் வேலை. எங்கள் தொழிலில் யாரும் முழு வாக்கியம் எழுதுவதில்லை. 'சிங்கிள் ஜெர்சி 180' என்று வரும். சிங்கிள் ஜெர்சி என்பது டி-ஷர்ட் தைக்கும் பின்னல் துணி. ஒரு சதுர மீட்டர் துணி 180 கிராம் இருக்க வேண்டும் என்று அர்த்தம். அதுவும் சாயம் போட்டு, காம்பாக்டிங் (துணி பிறகு சுருங்காமல் இருக்கச் செய்வது) எல்லாம் முடிந்த பிறகு வரும் எடை. வட்ட கட்டரில் நூறு சதுர சென்டிமீட்டர் துண்டு வெட்டித் தராசில் வைத்தால் 1.8 கிராம் காட்ட வேண்டும். இதில் ஒன்றுகூட மெயிலில் இருக்காது. '05/06 ஷிப்மென்ட்' என்று ஐரோப்பா பையர் எழுதினால் ஜூன் 5. அமெரிக்கா பையர் எழுதினால் மே 6. அதையும் யாரும் சொல்லித் தரமாட்டார்கள்.

நான் இரண்டாவது வருடத்தில் பட்ட அடியைச் சொல்கிறேன். ஸ்பெயின் பையர் ஒருவரின் சம்மர் ஆர்டர். மெயிலில் கலர் பற்றி ஒரே வரி: 'நேவி, சேம் ஆஸ் லாஸ்ட் சீசன்.' அப்போதுதான் அவர்களுடைய வின்ட்டர் ஆர்டரை அனுப்பி முடித்திருந்தோம். லாஸ்ட் சீசன் என்றால் அதுதானே? சந்தேகத்துக்கு சீனியரிடமும் கேட்டேன். "போன தடவை போட்ட மாதிரியே போட்ரு கண்ணு" என்றார். டையிங் புரோகிராம், அதாவது சாயம் போடுவதற்கான குறிப்பு, எழுதிக் கொடுத்துவிட்டேன். 600 கிலோ துணி.

பையர் சொன்ன லாஸ்ட் சீசன், போன வருடத்து சம்மர். சம்மரை சம்மரோடுதான் வைத்துப் பார்ப்பார்களாம். இரண்டு நேவியும் எங்கள் ஆபீஸ் டியூப்லைட்டில் ஒரே மாதிரிதான் தெரிந்தன. நிறம் பார்க்கும் லைட் பாக்ஸில், பகல் வெளிச்சம் மாதிரியான டி65 வெளிச்சத்தில் வைத்ததும் ஒன்று லேசாகச் சிவப்படித்தது, மற்றது கறுப்புப் பக்கம் போனது. 600 கிலோவையும் கறுப்பாக மாற்றி வேறு ஆர்டருக்குத் தள்ளினோம். புதுத் துணி வாங்கி மறுபடி சாயம் போட வேண்டியதாயிற்று.

அன்று இரவே பழைய சம்மர் ஃபைலைத் தேடி எடுத்தேன். லேப் டிப் (நிறம் சரிபார்க்கச் சாயம் போட்ட மாதிரித் துண்டு) அட்டையில் ஏ, பி, சி என்று மூன்று துண்டுகள் ஸ்டேப்ளர் அடித்திருந்தன. பி-க்குக் கீழே பென்சிலில் 'ஓகே'. தேதி இல்லை, சீசன் இல்லை, ஓகே சொன்னது பையரா நாமா என்றும் இல்லை. எழுதியவர் அதற்குள் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். முன்பே அந்த அட்டை கையில் கிடைத்திருந்தாலும் எனக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

மறுநாள் மீட்டிங்கில், "இதுகூடக் கேட்கத் தெரியாதா?" என்றார்கள். கேட்டேன். கேட்டதற்கு வந்த பதிலும் அதே மாதிரி அரைப் பதில்தான். சீனியர் அப்போது தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். இது இன்னும் எனக்கு ஆறவில்லை.

'இப்போது பெரிய கம்பெனிகளில் எல்லா விவரத்தையும் ஒரே இடத்தில் வைக்கும் பிஎல்எம் மென்பொருள் வந்துவிட்டது, இது பழைய கதை' என்று யாராவது கமென்டில் எழுதலாம். நானும் அதில்தான் வேலை செய்கிறேன். ரிமார்க்ஸ் கட்டத்தைத் திறந்து பாருங்கள், 'ஆஸ் டிஸ்கஸ்டு' என்றுதான் இருக்கும். யார், யாரிடம், எப்போது பேசினார்கள்? அப்புறம், எல்லாவற்றையும் விரிவாக எழுது என்றும் நான் சொல்லவில்லை. பத்து வருடம் சேர்ந்து வேலை செய்த இரண்டு பேருக்கு 'சேம்' என்ற ஒரு சொல் போதும். அந்த மெயிலில் மூன்றாவதாக ஒரு புது ஆளையும் சேர்க்கும்போதுதான் சிக்கல்.

இதோடு இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஸ்பெயினில் மாலை ஐந்து மணி என்றால் நமக்குக் கோடையில் எட்டரை, குளிர்காலத்தில் ஒன்பதரை. அந்த நேரத்தில் வரும் ஒற்றை வரி மெயிலுக்கு அன்றைக்கே பதில் போக வேண்டும். தையல் பிரிவில் ஓவர்டைம் உண்டு; ஆபீஸ் ஸ்டாஃபுக்குக் கிடையாது. குழந்தையைத் தூங்கவைத்துக்கொண்டே எத்தனை ஷேட் அப்ரூவல் பார்த்திருக்கிறேன்! அரைத் தூக்கத்தில் எழுதுகிறவர்கள் சுருக்கமாகத்தான் எழுதுவார்கள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். 'புரியவில்லை' என்று பதில் எழுதாதீர்கள், மறுபடியும் அதே வரிதான் வரும். நீங்கள் புரிந்துகொண்டதை எண்ணும் தேதியும் போட்டு எழுதி, 'இதுதானே?' என்று கேளுங்கள். தப்பாக இருந்தால் உடனே திருத்துவார்கள். என் டையிங் புரோகிராமில் இப்போது ஸ்டைல் நம்பர், லேப் டிப் நம்பர், அப்ரூவல் தேதி, எந்த வெளிச்சத்தில் பார்த்தது என்று நான்கும் இருக்கும். "எதுக்கு அம்மணி இவ்வளவு எழுதறீங்க, எங்களுக்குத் தெரியாதுங்களா?" என்று டையிங் மாஸ்டர் ஆரம்பத்தில் கோபித்துக்கொண்டார். போன மாதம் அவர் லீவில் இருந்தபோது, புதிதாக வந்த பையன் என்னிடம் ஒரு போன்கூடப் போடாமல் லாட்டை முடித்துக் கொடுத்தான்.