கொல்லிமலையில் இறங்குவது – கடிதம்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் கொல்லிமலையில் ஒரு சிறிய மாரத்தானில் ஓடினேன். நண்பர்கள் சிலர் சேர்ந்து நடத்தியது. மொத்தமே நூறு பேருக்குள்தான். காரவள்ளி அடிவாரத்தில் விடிவதற்கு முன் தொடங்கி, மலைப்பாதையில் 21 கிலோமீட்டர் ஏறி, அதே பாதையில் இறங்க வேண்டும். எனக்கு வயது 41. சென்னையில் சமதளத்தில் முழு மாரத்தானை நாலரை மணி நேரத்துக்குள் முடித்திருக்கிறேன். இங்கே 6 மணி 50 நிமிடம் ஆனது.

இதற்காக நான்கு மாதம் பயிற்சி எடுத்தேன். எங்கள் அபார்ட்மெண்டில் 14 மாடி. தினமும் படியில் ஏறி, முட்டி தேயக்கூடாது என்று லிஃப்டில் இறங்குவேன். அப்படியும் இருபதாவது வளைவுக்கு மேல் பெரும்பாலும் நடந்துதான் ஏற முடிந்தது. அவமானமாக இருந்தது. சாலையோரம் நின்ற ஒரு பாட்டி, “ஏஞ்சாமி, பஸ்ஸ உட்டுட்டயா?” என்று கேட்டார். அந்த மக்களுக்கு மாரத்தான் என்றால் என்னவென்றே தெரியவில்லை. இறங்கும்போது கடைசிப் பத்து கிலோமீட்டர் தொடை ஒத்துழைக்கவில்லை, ஒரு வலி மாத்திரை போட்டுச் சமாளித்தேன்.

பாதி தூரம் நடந்துவிட்டு மாரத்தான் ஓடினேன் என்று சொல்லிக்கொள்ளலாமா? அடுத்த முறை ஏற்றம் முழுவதையும் ஓடியே கடக்க என்ன செய்ய வேண்டும்? கார்பன் தகடு வைத்த ஷூ மலைக்கு உதவுமா? நீங்கள் அந்தப் பக்கத்துக்காரர் என்பதால் கேட்கிறேன்.

கே., வேளச்சேரி

அன்புள்ள கே.,

முதலில் வாழ்த்துகள். சம்பிரதாயத்துக்குச் சொல்லவில்லை. நான் வளர்ந்தது சேந்தமங்கலம். அந்த மலைக்கு பஸ்ஸில் போகும்போதே எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை. இன்னும் எத்தனை பாக்கி என்று அது சொல்லிக்கொண்டே வருவது தனி வதை. அந்தச் சாலையில் காலால் ஏறிக் காலால் இறங்கியிருக்கிறீர்கள். வீட்டில் அன்றைக்கு நல்ல சாப்பாடு போட்டிருப்பார்கள் என்று நம்புகிறேன்.

நடந்தது பற்றி: தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம். சரிவு ஓரளவுக்கு மேல் போனால் ஓட்டத்துக்கும் வேகநடைக்கும் நேரத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. உலகின் முன்னணி மலை ஓட்டக்காரர்களே செங்குத்தான இடத்தில் இரண்டு கையையும் தொடையில் ஊன்றி நடந்துதான் ஏறுகிறார்கள். 1908 லண்டன் ஒலிம்பிக்கில்தான் இந்த 42.195 கிலோமீட்டர் என்ற தூரமே வந்தது. அதில் டொராண்டோ பியெத்ரி என்ற இத்தாலியர் மைதானத்துக்குள் முதலாவதாக நுழைந்தும், விழுந்து விழுந்து எழுந்துதான் முடித்தார். அவர் தங்கப்பதக்கத்தை இழந்தது விழுந்ததற்காக அல்ல, அதிகாரிகள் கைகொடுத்துத் தூக்கிவிட்டதற்காக. உங்களை யாரும் தூக்கிவிடவில்லையே? சரி, அப்போது விஷயம் முடிந்தது.

ஷூ பற்றி எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. காலுக்குச் சரியாக இருந்தால் போடுங்கள். இறக்கத்தில் கட்டைவிரல் முன்னால் போய் இடிக்காதபடி லேஸை இறுக்கிக் கட்டுங்கள்.

உங்கள் கடிதத்தை நான் திரும்பத் திரும்பப் படிக்கக் காரணம் வேறு. ஏற்றத்துக்கு அத்தனை வரி எழுதியிருக்கிறீர்கள், இறக்கத்துக்கு ஒரே வாக்கியம். “தொடை ஒத்துழைக்கவில்லை.” ஏன் ஒத்துழைக்கவில்லை என்று யோசித்தீர்களா? 14 மாடி ஏறிவிட்டு லிஃப்டில் இறங்கினீர்களே, பதில் அந்த லிஃப்டில் இருக்கிறது. எந்த வேலைக்குப் பழக்கம் வேண்டுமோ அந்த வேலையை மட்டும் நான்கு மாதம் கவனமாகத் தவிர்த்திருக்கிறீர்கள்!

சென்ற வாரம் பழனிக்குப் போயிருந்தேன். படியேறி வந்தவர்களில் எத்தனையோ பேர் கீழே போக விஞ்ச் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். ஏறுவதற்கு வேண்டுதல் உண்டு, இறங்குவதாக யாரும் வேண்டிக்கொள்வதில்லை. இறங்குவது ஒரு வேலையே இல்லை என்று நமக்கு எப்படி இவ்வளவு உறுதியாகப் பதிந்துபோனது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்தது.

ஏறும்போது தொடையின் முன்பக்கத் தசை சுருங்கி உடம்பை மேலே தள்ளுகிறது. மூச்சு முட்டும், இதயம் அடித்துக்கொள்ளும். ஆனால் நின்றால் ஐந்து நிமிடத்தில் அடங்கிவிடும். இறங்கும்போது அதே தசைக்கு வேறு வேலை. கீழே விழப்போகிற உடம்பை ஒவ்வொரு அடியிலும் தாங்கிப் பிடிக்க வேண்டும். நீண்டுகொண்டே இறுக வேண்டும். இதில் மூச்சு வாங்காது, அளவான சரிவு என்றால் சமதளத்தைவிட ஆற்றலும் குறைவாகத்தான் செலவாகும். அதனால்தான் ஏமாந்துபோகிறோம். உள்ளே தசையின் இழைகள் நுண்ணிய அளவில் சிதைந்துகொண்டே வரும். வலிகூட அன்றைக்கு முழுதாகத் தெரியாது, இரண்டாம் மூன்றாம் நாள்தான் உச்சம். மூன்றாம் நாள் காலை எதைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. எனக்குத் தெரியும்.

அந்த மலையிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. அறப்பளீசுவரர் கோயிலிலிருந்து ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். குளித்துவிட்டு அத்தனையும் ஏற வேண்டும். மேலே வந்து சேர்ந்தவர்கள் எல்லாரும், “ஏறுனதுதான் கொன்னுடுச்சு” என்பார்கள். மறுநாள் வலிப்பது ஏறின வலி இல்லை, இறங்கின வலி. பழி மட்டும் ஏற்றத்துக்குப் போகும்.

பாஸ்டன் மாரத்தானிலும் இதே கதைதான். 1897-இலிருந்து நடக்கிற ஓட்டம். 32-ஆவது கிலோமீட்டரை ஒட்டி அங்கே ஒரு மேடு, ‘ஹார்ட்பிரேக் ஹில்’ என்று பெயர். 1936-இல் ஜானி கெல்லி அந்தப் பகுதியில் எலிசன் பிரவுனை எட்டிப்பிடித்து, தோளில் தட்டிவிட்டு முந்தினார். தட்டு வாங்கிய பிரவுன் சிலிர்த்துக்கொண்டு ஓடிப் பந்தயத்தையே வென்றுவிட்டார். கெல்லியின் இதயம் அங்கே உடைந்தது என்று ஒரு பத்திரிகையாளர் எழுத, பெயர் நிலைத்தது. அந்த மேடு எவ்வளவு உயரம் தெரியுமா? முப்பது மீட்டர்கூட இல்லை. கொல்லிமலையில் இரண்டு மூன்று வளைவுக்குள் முடிந்துவிடும். இதற்கா இதயம் உடையும்? பாஸ்டன் ஓட்டம் தொடங்குகிற ஹாப்கின்டன் உயரத்தில் இருக்கும் ஊர். முதல் சில கிலோமீட்டர் நல்ல இறக்கம். புதிதாக வருபவர்கள் குஷியாக இறங்கித் தொடையை அங்கேயே தீர்த்துவிடுகிறார்கள். மேட்டுக்கு வந்து சேரும்போது காலில் ஒன்றும் மிச்சமில்லை.

விதிகளும் ஓரவஞ்சனை செய்கின்றன. முடியும் இடம் தொடங்கும் இடத்தைவிடக் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் என்ற கணக்குக்கு மேல் தாழ்ந்திருந்தால் அதை உலக சாதனையாக ஏற்க மாட்டார்கள். 2011-இல் கென்யாவின் ஜெஃப்ரி முடாய் பாஸ்டனில் 2 மணி 3 நிமிடம் 2 விநாடியில் முடித்தார். அதுவரை யாரும் அவ்வளவு வேகமாக மாரத்தான் ஓடியதில்லை. ஆனாலும் பட்டியலில் ஏறவில்லை. பாதை இறங்குகிறதாம், தொடக்கமும் முடிவும் ஒன்றுக்கொன்று ரொம்பத் தள்ளி இருக்கின்றனவாம். விதி எழுதுகிறவர்களுக்கு இறக்கம் என்றால் இலவசம். தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே 1921-இலிருந்து காம்ரேட்ஸ் என்று ஓர் ஓட்டம் நடக்கிறது, ஏறக்குறைய 90 கிலோமீட்டர். வழக்கமாக ஒரு வருடம் ஏறும் திசை, மறுவருடம் இறங்கும் திசை. இரண்டையும் ஓடியவர்களைக் கேட்டுப்பாருங்கள். நேரம் குறைவது இறக்கத்தில், கால் நாசமாவதும் இறக்கத்தில் என்பார்கள்.

என் மாமா லாரி டிரைவர். நாமக்கல் பக்கத்தில் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. பள்ளி விடுமுறையில் என்னை மைசூர் லோடுக்குக் கூட்டிப்போனார். திரும்பும்போது திம்பம் மலைப்பாதை. 27 கொண்டை ஊசி வளைவு, கீழே பண்ணாரி. போகும்போது பாட்டுப் போட்டுக்கொண்டு ஏறிய மனிதர், உச்சியில் வண்டியை ஓரங்கட்டி டேப்பை நிறுத்தினார். பிரேக்குக்கு ஏர் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தார். கிளீனர் இறங்கி ஒவ்வொரு டயராக லிவரால் தட்டிக்கொண்டே சுற்றி வந்தான். அப்புறம் இரண்டாவது கியரைப் போட்டவர் கடைசி வளைவு வரை மாற்றவில்லை. வண்டி முனகிக்கொண்டே ஊர்ந்தது. எனக்குச் சலிப்பு. “எறக்கம்தானே மாமா, வேகமாப் போலாமே?” என்றேன்.

“எந்த கியர்ல ஏறுனமோ அந்த கியர்லதான் மாப்ள எறங்கணும்.”

வழியில் ஒரு லாரி மண்மேட்டில் முட்டி நின்றிருந்தது. பின்சக்கரத்திலிருந்து புகை. கருகின வாடை எங்கள் கேபினுக்குள் வந்தது. வழியெல்லாம் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கியிருக்கிறான். டிரம் சூடேறி, லைனிங் தீய்ந்து, மிதித்தால் பிடிக்காமல் போய்விட்டது. மாமா தண்ணீர் கேனைக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்து சொன்னார்: “ஏத்தத்துல வண்டி நின்னா கட்டை போடலாம். எறக்கத்துல நிக்காததுதான் பிரச்சினை.”

கே., நீங்களும் பிரேக்கை மிதித்துக்கொண்டுதான் இறங்கியிருக்கிறீர்கள். சரிவைப் பார்த்ததும் பயத்தில் உடம்பு பின்னால் சாயும். கால் நீண்டு முன்னால் போய்க் குதிகாலை ஊன்றும். முட்டி விறைத்து நிற்கும். ஒவ்வொரு அடியும் ஒரு மிதி, அப்படிப் பல்லாயிரம் மிதி. தொடை தீய்ந்துபோகாமல் என்ன செய்யும்? சின்ன கியர் என்பது இங்கே சின்ன அடி. வேகவேகமாக, குட்டிக் குட்டியாக வைக்க வேண்டும். பாதம் உடம்புக்கு நேர் கீழே விழ வேண்டும், முட்டி கொஞ்சம் மடங்கியே இருக்க வேண்டும். கண் காலடியைப் பார்க்கக் கூடாது, நாலைந்து மீட்டர் முன்னால் பார்க்க வேண்டும். சத்தம் வந்தால் தப்பாக இறங்குகிறீர்கள் என்று அர்த்தம்.

இனி எனக்குக் கோபம் வந்த இடம். அந்த மக்களுக்கு மாரத்தான் என்றால் என்னவென்றே தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் ஏறிய தார்ச்சாலை அந்த ஊர்களுக்கு வெகுகாலம் கழித்து வந்தது. அதற்கு முன் ஒற்றையடிப் பாதைகள்தான். மிளகும் பலாவும் தலைச்சுமையாக இறங்கின, உப்பும் துணியும் தலைச்சுமையாக ஏறின. என் அப்பாவின் மளிகைக்கடைக்கு மிளகு கொண்டுவருபவர் ஒருவர் உண்டு. கொல்லிமலையின் மலையாளிப் பழங்குடிக்காரர், கேரளத்துக்காரர் இல்லை. செருப்பு போடாத கால். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் விரிந்திருக்கும். அடிவாரத்தில் அவரும் அவர் ஆட்களும் வரிசையாக இறங்கி வருவதைப் பார்த்திருக்கிறேன். தலையில் மூட்டை இருப்பவர் பின்னால் சாய முடியாது, சாய்ந்தால் மூட்டை போய்விடும். அதனால் முட்டி மடங்கி, சின்னச் சின்ன அடியாக வருவார்கள். புதர்களுக்கு மேலே மூட்டைகள் மட்டும் தெரியும். அவை மேலும் கீழும் ஆடாமல் ஒரே மட்டத்தில் நகர்ந்து வரும். உங்கள் ஓட்டப் பயிற்சியாளர்கள் காணொளி போட்டுச் சொல்லித்தருவது அதைத்தான்.

அந்தப் பாட்டியும் சிறுவயதில் அப்படி இறங்கியிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. விடிந்தும் விடியாமல் ஒருவர் வியர்க்க விறுவிறுக்க நடந்து வருவதைப் பார்த்தால், பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டார் என்றுதானே நினைக்கத் தோன்றும்? அவர் கேட்டது கேலி இல்லை. நின்று பதில் சொல்லியிருந்தால் அடுத்த வண்டி எத்தனை மணிக்கு என்று சொல்லியிருப்பார், ஒருவேளை தண்ணீரும் கொடுத்திருப்பார். ஒரு நிமிடம் போயிருக்கும். 6 மணி 51 நிமிடம் ஆகியிருக்கும்.

வழியில் பார்த்த மிளகுக்கொடி, பலாமரம், பள்ளத்தாக்கு எதைப் பற்றியும் கடிதத்தில் ஒரு சொல் இல்லை. அதை விடுங்கள்.

நாளையிலிருந்து லிஃப்டில் ஏறுங்கள், படியில் இறங்குங்கள். எடுத்த எடுப்பில் 14 மாடி வேண்டாம், நாலைந்து மாடியில் தொடங்குங்கள். முதல் வாரம் வலிக்கும். ஒருமுறை அப்படி வலித்து ஆறிய தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையில் அவ்வளவு சேதமாவதில்லை. உடம்பின் நல்ல குணங்களில் இது ஒன்று. பிறகு பரங்கிமலைக்குப் போய், நடந்து ஏறி, ஓடி இறங்கிப் பழகுங்கள். பந்தயத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது இதை நிறுத்திவிடுங்கள். முட்டியில் ஏற்கெனவே கோளாறு இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் எதுவும் வேண்டாம். ஏற்றம் முழுவதையும் ஓடியே கடக்கும் ஆசையை இன்னொரு வருடத்துக்கு ஒத்திவையுங்கள்.

கடைசியாக அந்த மாத்திரை. இதைப் படித்தபோது எனக்குப் பகீரென்றது. மணிக்கணக்காக வியர்த்து நீர் வற்றிய உடம்பு. சிதைந்த தசையிலிருந்து வரும் கழிவைச் சிறுநீரகம் வடிகட்டிக்கொண்டிருக்கும் நேரம். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள் அந்த நேரத்தில் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துவிடும். நீண்ட தூரம் ஓடுகிறவர்கள் இதனால் மருத்துவமனையில் போய்ப் படுத்திருக்கிறார்கள். வலித்தால் உட்காருங்கள், முடியாவிட்டால் பஸ்ஸுக்குக் கை காட்டுங்கள், மாத்திரையை மட்டும் தொடாதீர்கள். மறுநாள் சிறுநீர் கருஞ்சிவப்பாக வந்ததா? வந்திருந்தால் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். வராவிட்டாலும் இந்த வாரமே சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை ஒன்று செய்துகொள்ளுங்கள், பெரிய செலவில்லை. ரிப்போர்ட்டை எனக்கு அனுப்ப வேண்டாம், வீட்டில் காட்டுங்கள்.

அன்புடன்