கிண்ணத்தின் அடியில் ஓர் ஆண்டு

கேள்வி: எங்கள் கிராமத்து உதைபந்தாட்டக் கழகத்தின் கூட்டக் குறிப்பேடுகள் 1995 இடப்பெயர்வில் தொலைந்துவிட்டன. வரலாற்றை எங்கிருந்து தொடங்குவது? – வாசகர், வலிகாமம்

பதில்: வாசிகசாலை அலுமாரியில் கிண்ணங்கள் மிஞ்சியிருந்தால் அவற்றிலிருந்தே தொடங்குங்கள், கறுத்துப்போன பித்தளையைப் புளியிட்டுத் துலக்கினால், பொறித்த ஆண்டு தெரியக்கூடும். 1959இல் தொடங்கிய ஈழநாடு நாளிதழையும் பாருங்கள். 1981இல் அதன் பணிமனையும் யாழ்ப்பாணப் பொது நூலகமும் எரிக்கப்பட்டபோதிலும், எஞ்சிய இதழ்கள் பல 'நூலகம்' இணையத்தளத்தில் வாசிக்கக் கிடைக்கின்றன. முதியவர்களிடம் ஆண்டைக் கேட்பது வீண்வேலை (என் அனுபவம்). யார் பந்துகாப்பாளர், யார் வெறுங்காலுடன் ஆடினார், அது எந்தக் கோயில் திருவிழாவுக்கு முந்தியது என்று கேட்டால், ஆண்டு தானாகவே வந்து சேரும். குழுப்படங்கள் இப்போது ரொறன்ரோவிலோ லண்டனிலோ யாருடைய அல்பத்திலாவது இருக்கும். உறவினர்களுக்கு இன்றே எழுதுங்கள்.