‘உகாண்டா’ 1972: அசல் தட்டா, மறுபதிப்பா?

கேள்வி: ஜப்பானிய டிரம்ஸ் கலைஞர் அகிரா இஷிகாவாவும் அவருடைய கவுண்ட் பஃபலோஸ் குழுவும் 1972இல் வெளியிட்ட ‘உகாண்டா’ ஆல்பத்தை அண்மையில் கேட்டேன். அதன் எல்.பி. இசைத்தட்டை வாங்க ஆசை. ஒருவர் ‘அசல் ஜப்பான் பதிப்பு’ என்று சொல்லிப் பெருந்தொகை கேட்கிறார். சில படங்களை மட்டும் அனுப்பியிருக்கிறார். எதை வைத்து நம்புவது? அவ்வளவு விலை கொடுக்கத்தான் வேண்டுமா?

பதில்: முதலில் எதற்காக வாங்குகிறீர்கள் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். இசையைக் கேட்பதுதான் நோக்கம் என்றால், இந்த ஆல்பத்துக்கு முறையான மறுபதிப்புகள் வந்திருக்கின்றன, அவையே போதும். ஐம்பது ஆண்டுகள் பழைய தட்டு ஒன்று, பலருடைய ஊசிகளுக்குத் தேய்ந்த பிறகு, புதிய தட்டைவிட நன்றாக ஒலிக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. அந்தக் காலத்துப் பொருளையே கையில் வைத்திருக்க வேண்டும் என்பவருக்குத்தான் அசல் தேவை. அவர்தான் கீழே சொல்வதைப் பொறுமையாகச் சரிபார்க்க வேண்டும்.

ஆல்பத்தை வெளியிட்டது தொஷிபா. உங்கள் வேலையைப் பாதியாகக் குறைக்கும் தகவலும் அந்த நிறுவனத்தின் பெயரிலேயே இருக்கிறது. 1960இல் தொடங்கப்பட்ட இந்த இசைத்தட்டு நிறுவனம் 1973 அக்டோபர் வரை ‘தொஷிபா ஓங்காகு கோக்யோ’ என்ற பெயரில் இயங்கியது. அதன் பிறகுதான் ‘தொஷிபா ஈ.எம்.ஐ.’ ஆனது. ஆகவே தட்டின் நடுவே ஒட்டியிருக்கும் வட்டக் காகிதமான லேபிளின் விளிம்பிலும் பின்னட்டையின் அடியிலும் உள்ள பொடி எழுத்துகளைப் பாருங்கள். அங்கே ‘ஈ.எம்.ஐ.’ சேர்ந்த புதிய பெயர் இருந்தால், விற்பவர் என்ன சொன்னாலும் அது 1972இல் அச்சான தட்டாக இருக்க முடியாது. பழைய பெயர் இருப்பது மட்டுமே அசல் என்பதற்குச் சான்றாகிவிடாது. அட்டையை அப்படியே நகலெடுத்த மறுபதிப்பிலும் அந்தப் பெயர் வரும். எனவே இது போலியை விலக்குவதற்கான சோதனையே அன்றி அசலை உறுதிசெய்யும் சோதனை அன்று.

அடுத்தது ‘ஓபி’, அதாவது ஜப்பானியத் தட்டுகளின் அட்டையைச் சுற்றி இடப்பக்கமாகச் செருகப்படும் காகிதப் பட்டை. வாங்கிய பலர் இதைக் கிழித்து எறிந்துவிட்டதால், ஓபியோடு கிடைக்கும் பிரதிக்கு விலை தனி. அதில் அச்சிட்ட விலையைப் படியுங்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் ஜப்பானில் ஓர் எல்.பி. ஏறத்தாழ 2,000 யென்னுக்கு விற்றது. எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு 2,300, 2,500 என ஏறியது. நுகர்வு வரி ஜப்பானில் 1989 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே ஓபியில் வரி சேர்த்த விலையோ, பார்கோடோ இருந்தால் அந்தப் பட்டை பிற்காலத்தது. பழைய தட்டோடு பிற்காலப் பட்டையைச் சேர்த்து விற்பதும் நடக்கிறது என்பதால் பட்டையையும் தட்டையும் தனித்தனியாகவே மதிப்பிடுங்கள்.

கள்ளப் பதிப்பைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் அட்டைதான். பின்னட்டையின் மிகச் சிறிய ஜப்பானிய எழுத்துகளை மிக அருகில் எடுத்த படம் ஒன்றைக் கேளுங்கள். அசல் அச்சில் கோடுகளுக்கு இடையிலுள்ள வெள்ளை இடைவெளி தெளிவாக இருக்கும். அட்டையை ஸ்கேன் செய்து மறுபடி அச்சிட்டால் அந்த இடைவெளிகள் மையால் அடைபடும்; புகைப்படப் பகுதிகளில் பழைய அச்சுப் புள்ளிகளின் மேல் புதிய புள்ளிகள் விழுந்து அலையலையாக ஒரு கோலம் தெரியும். தட்டில், பாட்டு முடிந்த பிறகு லேபிளைச் சுற்றியுள்ள வெற்று வளையத்தில் பொறித்த எண் லேபிளிலுள்ள எண்ணோடு பொருந்துகிறதா என்பதையும் பாருங்கள். எடையும் ஓரளவு உதவும்: 180 கிராம் தட்டு என்றால் அது பெரும்பாலும் இந்நூற்றாண்டின் தயாரிப்பு. நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். நிலைமின்சாரத்தைக் குறைக்கவென்று தொஷிபா பல ஆண்டுகள் சிவப்பு வினைலிலும் தட்டுகளை வார்த்தது, கருப்பிலும் வார்த்தது.

இனி விலை. இந்த ஆல்பத்தை ‘ஆப்பிரிக்க இசையின் அரிய ஆவணம்’ என்று யாராவது விளம்பரப்படுத்தினால் அந்த அடைமொழிக்காக ஒரு ரூபாயும் கூடுதலாகத் தராதீர்கள். தோக்கியோவின் ஒலிப்பதிவுக் கூடங்களில் எந்த வகை இசைக்கும் வாசிக்கப் பழகியிருந்த தேர்ந்த கலைஞர்கள், கிழக்கு ஆப்பிரிக்கா மீதான தங்கள் தலைவரின் மோகத்தைத் தங்கள் மொழியில் வாசித்துக் காட்டிய பதிவு இது. தாளக்கருவிகள் அடர்ந்து நிற்க, கிமியோ மிசுதானியின் கிட்டார் ‘ஃபஸ்’ ஒலியில் கரகரத்துக் கிழித்துச் செல்லும் இடங்களில்தான் இதன் உயிர் இருக்கிறது. என் கணிப்பில், இதை சைக்கெடெலிக் ராக் (மனமயக்க உணர்வைத் தரும் ராக் இசை) என்று சேகரிப்பாளர்கள் கொண்டாடுவதற்குக் காரணம் இஷிகாவாவைவிட மிசுதானிதான். அவர் 1971இல் தனியாக வெளியிட்ட ஆல்பத்தையும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். தாளம்தான் உங்களை ஈர்த்தது என்றால், நைஜீரியாவின் ஃபேலா குட்டியின் பாட்டு ஒன்றையும் எடுத்து வாசித்திருக்கும் இஷிகாவாவின் 1975 ஆல்பமான ‘பேக் டு ரிதம்’ உங்களுக்கு இன்னும் நெருக்கமாக இருக்கலாம்.

பணம் அனுப்பும் முன் விற்பவரிடம் தட்டின் இரு பக்க லேபிள்கள், வெற்று வளையம், பின்னட்டையின் பொடி எழுத்து, ஓபியின் விலைப் பகுதி ஆகியவற்றின் படங்களையும், சாய்ந்த வெளிச்சத்தில் தட்டின் மேற்பரப்பைக் காட்டும் படத்தையும் கேட்டு வாங்குங்கள். நேர் வெளிச்சத்தில் மெல்லிய கீறல்கள் மறைந்துவிடும். ‘பார்த்து மட்டும் தரம் சொன்னது’, ‘ஓட்டிப் பார்த்துச் சொன்னது’ இரண்டில் எது என்றும் எழுத்தில் கேளுங்கள். ‘ஃபஸ்’ கிட்டாருக்கு அடியில் தேய்மானத்தின் இரைச்சல் எளிதில் ஒளிந்துகொள்ளும் என்பதால், அமைதியான ஒரு பகுதியை ஓட்டிப் பதிவுசெய்து அனுப்பச் சொல்வது நல்லது. வெளிநாட்டிலிருந்து வருகிறதென்றால் சுங்க வரியைத் தட்டின் விலையோடு அஞ்சல் செலவையும் சேர்த்தே கணக்கிடுவார்கள் என்பதை மனத்தில் வைத்துப் பேரம் பேசுங்கள். இந்தப் படங்களைத் தர மறுப்பவரிடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.