தண்ணீர் வடிந்தது, தடிப்பு இருக்கிறது

அன்புள்ள சார்,

எனக்கு வயது 41. போன தை மாதம் இடது கண்ணில், பார்க்கிற இடத்தின் நட்டநடுவில் மங்கலாக ஒரு வட்டம் வந்தது. சென்ட்ரல் சீரஸ் என்றார்கள். விழித்திரைக்கு அடியில் நீர் கோத்திருக்கிறதாம். நான்கு மாதத்தில் தானாகவே வடிந்துவிட்டது. ஆனால் கடைசி ஸ்கேனைப் பார்த்துவிட்டு, “கோராய்டு இன்னும் தடிப்பாகத்தான் இருக்கிறது, 430 மைக்ரான்” என்றார் டாக்டர். நோய் போய்விட்டதா, இல்லையா? உங்களுக்கும் இது வந்ததாக எழுதியிருந்தீர்கள், அதனால் கேட்கிறேன்.

ச.

அன்புள்ள ச.,

வந்தது, இரண்டு தடவை. நான் டாக்டர் இல்லை. என் ரிப்போர்ட் புரியாமல் தேடிப் படித்ததைச் சொல்கிறேன்.

உங்கள் ஸ்கேனில் இருப்பவை இரண்டு வேறு படலங்கள். மேலே விழித்திரை. நீர் அதைக் கீழிருந்து தூக்குவதால்தான் நேர்கோடு வளைகிறது, எழுத்து சின்னதாகத் தெரிகிறது. நீர் வடிந்தால் பழையபடி படிந்துவிடும். மாதக்கணக்கில் நீர் நின்றால் விழித்திரை மெலியத் தொடங்கும். பயப்பட வேண்டியது அந்த மெலிவுக்குத்தான். அடியில், ரத்தக் குழாய்கள் நெருக்கியடித்துக் கிடக்கும் படலம் கோராய்டு. பெரியவர்களுக்குப் பொதுவாக 250, 300 மைக்ரான் இருக்கும். இந்த நோயில் 400, 500 சகஜம். இரண்டுக்கும் நடுவே ஒற்றைச் செல் அடுக்காக ஒரு நிறமித் திரை. ஓதம் ஏறிய தரை போலக் கோராய்டு ஊறிக் கிடக்க, அந்தத் திரை ஓரிடத்தில் விட்டுக்கொடுத்தால் நீர் மேலே கசிகிறது.

நோயை 1866இலேயே ஜெர்மனியில் கண் டாக்டர் கிரேஃபே எழுதிவிட்டார். ஆனால் கோராய்டின் தடிமனை நன்றாக அளக்கும் வழி 2008இல்தான் வந்தது. அமெரிக்க டாக்டர் ரிச்சர்ட் ஸ்பெய்டும் கூட்டாளிகளும் செய்த தந்திரம் எளிமையானது: ஓசிடி கருவியை, அதாவது ஒளியால் கண்ணின் படலங்களைப் படமெடுக்கும் ஸ்கேன் கருவியை, கண்ணுக்கு இன்னும் கிட்டே தள்ளினார்கள். அப்படி அளந்தபோது, நீர் கோக்காத மறு கண்ணிலும் பலருக்குக் கோராய்டு தடிப்பாகவே இருந்தது.

சரி, உங்கள் வலது கண்ணின் எண் என்ன? அதுவும் 400 பக்கம் இருந்தால், பெரும்பாலும் அது உங்கள் கண்ணின் வாகு. வந்த கசிவு அடங்கிவிட்டது, மறுபடி வரக்கூடிய வாகு இருக்கிறது. தடிப்பு ஒன்றுக்காக மட்டும் யாரும் லேசர் வைப்பதில்லை.

எண்ணையும் ரொம்ப நம்பாதீர்கள். கோராய்டு காலையில் கொஞ்சம் தடித்து, மாலையில் இருபது முப்பது மைக்ரான் வரை இளைக்கும். இது தெரியாமல் ஒரு காலை ஸ்கேனையும் ஒரு மாலை ஸ்கேனையும் ஒப்பிட்டு நான் ஓர் இரவு தூங்கவில்லை. தூக்கம் கெடுவதும் இந்த நோய்க்கு ஆகாது என்பது அப்புறம்தான் தெரிந்தது.

இன்னொன்று, ஸ்டீராய்டு. அதுவும் இந்த நோயைத் தூண்டிவிடும். மாத்திரை மட்டுமில்லை, இன்ஹேலர், மூக்கு ஸ்பிரே, மூட்டில் போடும் ஊசி, தோல் களிம்பு எல்லாமே கணக்கு. இரண்டாவது தடவை வருவதற்கு முன்னால், படர்தாமரைக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய களிம்பை ஒன்றரை மாதம் தடவியிருந்தேன். டியூபைக் கொண்டுபோய்க் காட்டியதும் டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். உங்களிடம் அப்படி ஏதாவது இருந்தால் சொல்லிவிடுங்கள். டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தென்றால் நீங்களாக நிறுத்திவிட வேண்டாம், அவரிடமே கேளுங்கள்.

வலது கண்ணின் எண் கிடைத்ததும் எழுதுங்கள்.